திகதி சொல்லாத அறிவித்தல்

வாசகர் கேள்விகள்: ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர் ஒருவர் பதில் தருகிறார்

கேள்வி: மாரி வெள்ளத்தில் எங்கள் இரண்டு ஏக்கர் நெல் அழுகிப்போனது. இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் அறிவித்தலை ஓர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் பார்த்து அச்செடுத்தேன். முடிவுத் திகதி 28 என்று இருந்தது. 25ஆம் திகதி அப்பா இரண்டு பஸ் மாறிப் போனபோது, 21உடன் முடிந்துவிட்டது என்றார்கள். கையிலிருந்த தாளைக் காட்டினால், இப்படியோர் அறிவித்தலை நாங்கள் போடவே இல்லை என்கிறார்கள். இப்போது தளத்திலும் 21 என்றுதான் இருக்கிறது. அப்பாவைப் பொய்யர் போல் பார்த்து அனுப்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை.
— வாசகி, விசுவமடு

பதில்: பிள்ளை, அந்தத் தாளை மடிக்காமல் ஒரு கோவையில் வையுங்கள். தாளின் மேல் ஓரத்தையும் அடி ஓரத்தையும் உற்றுப் பாருங்கள். இணையப் பக்கத்தை நேரடியாக அச்செடுத்திருந்தால், பெரும்பாலும் தளத்தின் முகவரியும் அச்செடுத்த நாளும் நேரமும் பொடி எழுத்தில் விழுந்திருக்கும். அந்தப் பொடி எழுத்துத்தான் உங்கள் சாட்சி. அடுத்து, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பின் வேபேக் மெஷினில் அந்த முகவரியை இட்டுப் பாருங்கள். 1996 முதல் இணையப் பக்கங்களை நாள்வாரியாகச் சேமித்துவரும் இடம் அது. எல்லாப் பக்கமும் அங்கே கிடைக்காது. கிடைத்தால், மாற்றுவதற்கு முந்தைய பக்கம் அது சேமிக்கப்பட்ட நாளுடன் வரும்.

பிறகு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் அதை எழுத்தில் பதிவது அலுவலரின் கடமை. "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்காதீர்கள், விளக்கம்தான் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்த அறிவித்தலின் எல்லா வடிவங்களின் பிரதிகள், ஒவ்வொன்றும் தளத்தில் ஏற்றப்பட்ட திகதி, மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்த குறிப்பின் பிரதி. 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அதே சட்டம், புதிதாக உருவாகும் பதிவேடுகளை 12 ஆண்டுகளாவது பேண வேண்டும் என்கிறது. பழைய அறிவித்தலை எடுத்துவிட்டு அதன் இடத்தில் புதியதை வைப்பது, என்னைக் கேட்டால், பதிவேட்டை அழிப்பதேதான்.

என் காலத்தில் காலையில் அலுவலகம் திறந்ததும் முதல் வேலை, திகதி முத்திரையின் சில்லைத் திருகுவது. பழைய தாளொன்றில் இரண்டு தரம் குத்திப் பார்ப்பேன். அதன் பிறகுதான் தபாலுறைகளைக் கிழிப்போம். கோவையில் ஓர் எண்ணைத் திருத்துவதென்றால் பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு, மேலே புதிய எண், ஓரத்தில் சிறு கையொப்பமும் திகதியும். புதிதாக வந்த ஒரு தம்பி, 7ஐ 1 ஆக்குவதற்குச் சவர அலகால் சுரண்டிவிட்டான். தாளை யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் புகுந்தது. அவன் முகம் கறுத்துப்போனது. இணையத்தளத்தில் சுரண்டினால் அந்த வெளிச்சம் தெரிவதில்லை. அதனால் அங்கே ஒழுங்கு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

செய்ய முடியாத காரியமில்லை. பிரித்தானிய அரசின் தளத்தில் பல பக்கங்களில் முதலில் வெளியிட்ட திகதியும் கடைசியாகப் புதுப்பித்த திகதியும் இருக்கின்றன. எந்த நாளில் என்ன மாறியது என்ற பட்டியலும் உண்டு. நம் அலுவலகங்களுக்கும் அறிவித்தலின் அடியில் இரண்டு வரி சேர்ப்பதற்குப் பணம் வேண்டாம். "முடிவுத் திகதி 28 என்றிருந்தது, இன்ன நாளில் 21 ஆக மாற்றப்பட்டது" என்று எழுதியிருந்தால் உங்கள் அப்பா வீணாக அலைந்திருக்க மாட்டார். பொய்யர் என்ற பார்வையும் அவர் மேல் விழுந்திருக்காது. உரப்பைக்குள் காணிப் பத்திரத்தைச் சுற்றிக்கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்த சனம் நாங்கள். கடதாசியின் பெறுமதியை எங்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

கேள்வி: வர்த்தமானியையும் இப்படி ஓசைப்படாமல் மாற்றிவிடுவார்களா?
— வாசகர், மாங்குளம்

பதில்: வர்த்தமானிக்கு நல்ல ஒழுங்கு ஒன்று உண்டு. தலைப்பிலேயே இலக்கமும் திகதியும் இருக்கும். திருத்த வேண்டுமானால், முந்தையதைக் குறிப்பிட்டு இன்னொரு வர்த்தமானி வெளியிட வேண்டும். பழையது பழையபடியே இருக்கும். 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியை மறந்திருக்க மாட்டீர்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி உட்பட வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு 3 மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்று சொன்னது. பத்திரம் தொலைத்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் பதறிப்போனார்கள். ஆனால் மார்ச் 28 என்ற திகதி அசையாமல் நின்றது. அதிலிருந்து நாள் எண்ணி, கெடு முடியுமுன் நீதிமன்றம் போக முடிந்தது. ஜூன் இறுதியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. திகதியில்லாத இணைய அறிவித்தலை வைத்து எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கேள்வி: சுற்றறிக்கை ஒன்றில் 05.04.2024 என்று இருக்கிறது. ஏப்ரலா, மே மாதமா?
— மாணவர், மல்லாவி

பதில்: நம் நாட்டு வழக்கப்படி ஏப்ரல் 5. ஐயமிருந்தால் சுற்றறிக்கை இலக்கத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். நீங்கள் எழுதும்போது 2024-04-05 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரமும் அதுதான். கைத்தொலைபேசியில் இறக்கி வைக்கும் அறிவித்தல்களின் பெயரையும், இறக்கிய திகதியை முன்னால் போட்டு இப்படியே தொடங்குங்கள். பெயர்வாரியாக அடுக்கினால் எல்லாம் நாள் வரிசையில் நிற்கும். ஒரே அறிவித்தல் இரண்டு தரம் வந்திருந்தால் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடலாம்.