கூடத்தில் தொங்கும் டச்சுப் பெண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஆவணியில் நாங்கள் புது வீடு குடிபுகுந்தபோது என் மைத்துனர் ஒரு பெரிய எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பரிசாகக் கொடுத்தார். இரண்டடிக்கு மூன்றடி இருக்கும். பொன்வண்ணம் பூசிய கனமான சட்டகம். நீலத் தலைப்பாகையும் முத்துத் தொங்கட்டானும் அணிந்த ஓர் இளம்பெண், கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பட்டை, பின்னால் முழு இருட்டு. படம் முழுக்க மெல்லிய விரிசல்கள். கடையில் 'பழைய டச்சு பாணி' என்று சொல்லி விற்றார்களாம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் 'யார் இது?' என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஓவியம் படித்த நண்பர் ஒருவர், 'இது கலையே இல்லை, சோபாவுக்குப் பொருத்தமாக வாங்கும் அலங்காரப் பொருள், கழற்றி வைத்துவிடு' என்று சொல்லிவிட்டார். என் மனைவிக்கோ அந்த முகம் மிகவும் பிடித்திருக்கிறது. புகைப்படம் இணைத்திருக்கிறேன். இந்தப் பெண் யார்? விரிசல்களைப் பார்த்தால் உண்மையிலேயே பழைய படமாக இருக்குமா? நண்பர் சொன்னது சரிதானா?

எஸ்.,
கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் உண்டு: யாருமில்லை. நீலத் தலைப்பாகையும் முத்தும் டெல்ஃப்ட் நகரத்து ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த, இன்று ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும், 'முத்துத் தோடு அணிந்த பெண்' என்ற சிறிய ஓவியத்திலிருந்து வந்தவை. கழுத்தைச் சுற்றியுள்ள அந்த வெள்ளைப் பட்டை அதற்கு நாற்பது ஆண்டுகள் மூத்தது. கெஜக்கணக்கில் மெல்லிய துணியை எடுத்து, கஞ்சி போட்டு, மடிப்பு மடிப்பாகச் சூட்டுக்கோலால் நிமிர்த்திச் செய்யும் அந்தப் பட்டையை 1620களில் ஹார்லெம் நகரத்துச் செல்வர்கள் உருவப்பட ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் முன்னால் அணிந்துகொண்டு அமர்ந்தார்கள்; வெர்மீர் தூரிகை எடுத்த காலத்தில் இளம்பெண்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. இரண்டையும் ஒரே பெண்ணுக்குப் போட்டிருப்பது, பாகவதர் கிராப்பு வைத்தவருக்கு பெல்பாட்டம் மாட்டிவிட்டதைப் போன்றது. ஆக, உங்கள் கூடத்தில் இருப்பவர் ஹாலந்தில் ஒருநாளும் வாழ்ந்திருக்க முடியாத பெண்.

ஆனால் இதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை, ஏனென்றால் வெர்மீரின் அந்தப் பெண்ணும் யார் என்று சொல்லத்தக்கவர் அல்லர். டச்சுக்காரர்கள் இவ்வகைப் படத்தை 'ட்ரோனி' என்றார்கள். அந்தச் சொல்லுக்கு முகம் என்று பொருள், சற்றுக் கொச்சையாகச் சொன்னால் மூஞ்சி. உருவப்படம் என்பது பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொல்வது. அது அவரைப்போலவே இருந்தாக வேண்டும், பெரும்பாலும் வயதும் ஆண்டும் மூலையில் எழுதப்பட்டிருக்கும், சில சமயம் குலச் சின்னமும் இருக்கும். ட்ரோனிக்கு இந்தக் கட்டுப்பாடு ஒன்றும் கிடையாது. சுருக்கம் விழுந்த கிழவர், இரும்புக் கழுத்துக்கவசம் அணிந்த சிப்பாய், சிரிக்கும் சிறுவன், கீழ்த்திசை உடையணிந்த பெண் என்று ஒரு வகை மாதிரியை ஓவியர் தானாகவே வரைந்து சந்தைக்கு அனுப்புவார். மாதிரியாக அமர்ந்தவர் பக்கத்து வீட்டுக்காரராகவோ ஓவியரின் வீட்டாராகவோ இருக்கலாம். வாங்குபவருக்கு அது தேவையில்லாத விவரம். லெய்டனில் இளைஞராக இருந்தபோது ரெம்ப்ராண்ட் இவ்வகை முகங்களை ஏராளமாக வரைந்தார், கண்ணாடி முன் நின்று தன் முகத்தையே பயன்படுத்தியும் வரைந்தார்.

உங்கள் நண்பரின் சொல்லுக்கு இங்கே வருகிறேன். 'அலங்காரப் பொருள், எனவே கலை இல்லை' என்ற அவருடைய வாதத்தை 1660ஆம் ஆண்டு டெல்ஃப்டில் ஒரு ரொட்டிக் கடைக்காரரிடம் சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியே இருக்காது. புராட்டஸ்டண்ட் பிரிவான சீர்திருத்தத் திருச்சபை சுவர்களை வெள்ளையடித்து ஆலயங்களிலிருந்து படங்களை அகற்றிவிட்ட அந்த நாட்டில், ஓவியர்களை வாழவைத்தவர்கள் வீட்டுச் சுவரை நிரப்ப விரும்பிய நடுத்தர மக்கள். 1640இல் ஆம்ஸ்டர்டாமைப் பார்த்த பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி, கசாப்புக் கடைக்காரர்களும் ரொட்டிக் கடைக்காரர்களும் தங்கள் கடைகளில் படம் மாட்டியிருப்பதையும், கொல்லர் உலைக்களத்தின் அருகிலும் செருப்புத் தைப்பவர் கடையிலும்கூட ஏதாவது ஒரு படம் இருப்பதையும் வியப்போடு எழுதி வைத்திருக்கிறார். நகலெடுப்பதும் அங்கே வெட்கப்படும் தொழிலாக இருக்கவில்லை. டெல்ஃப்டில் மீரெவெல்ட் என்ற உருவப்பட ஓவியர் பெரிய பட்டறையே வைத்து, ஆரஞ்சு வம்சத்து இளவரசர்களின் முகங்களை உதவியாளர்களைக் கொண்டு திரும்பத் திரும்ப வரையச் செய்து விற்றார்.

விலையையும் பாருங்கள். 1696இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஓர் ஏலத்தில் வெர்மீரின் 21 ஓவியங்கள் விற்பனைக்கு வந்தன. டெல்ஃப்ட் நகரக் காட்சி 200 கில்டருக்கும் (கில்டர் அன்றைய டச்சு நாணயம்), பால் ஊற்றும் பணிப்பெண் 175 கில்டருக்கும் போயின. பழங்கால உடையில் இருந்த ஒரு ட்ரோனி 36 கில்டர். மற்ற இரண்டு ட்ரோனிகள் தலைக்கு 17 கில்டர். 'முத்துத் தோடு அணிந்த பெண்' அந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம் என்று கருதுபவர்கள் உண்டு. அதே படம் 1881இல் ஹேக் நகரத்து ஏலத்தில் அழுக்கேறிப் போய் வந்தபோது இரண்டு கில்டருக்கும் கூடுதலாக 30 சென்ட் கட்டணத்துக்கும் விற்றது. வாங்கியவர் தன் காலத்துக்குப் பின் அருங்காட்சியகத்துக்கு விட்டுச் சென்றதால்தான் இன்று உலகமே வரிசையில் நின்று பார்க்கிறது. சோபாவுக்கு மேல் மாட்டும் தகுதியைத் தாண்டி அதற்கு ஒன்றும் இல்லை என்று இருநூறு ஆண்டுகள் நினைத்திருந்தார்கள் என்பதுதான் இதன் பொருள்.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் நண்பர் முழுவதும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். 'பழைய டச்சு பாணி' என்று விற்கப்படும் படங்களில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு: அவை ஓவியரின் வேலையை விட்டுவிட்டு, ஓவியத்துக்கு நேர்ந்த சேதத்தை நகலெடுக்கின்றன. உங்கள் படத்தின் முழு இருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெர்மீரின் பெண்ணுக்குப் பின்னால் அவர் வரைந்தது கறுப்பு அன்று. 2018இல் அந்தப் படத்தைக் கதிர்வீச்சுக் கருவிகளால் ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டபோது, மேல் வலது மூலையில் துணி மடிப்புகள் தெரிந்தன; அங்கே தொங்கியது ஒரு பச்சைத் திரை. கருமையான அடித்தளத்தின்மேல் அவுரி நீலமும் ஒரு செடியிலிருந்து எடுத்த மஞ்சளும் கலந்து மெல்லிய பூச்சாகப் பூசியிருந்தார். அந்தச் சாயங்கள் வெளிறிப்போனதால் திரை மறைந்து இருள் மிஞ்சியது. அதேபோல் உங்கள் படத்தின்மேல் படிந்திருக்கும் தேன்நிறம், பழுத்துப்போன வார்னிஷின் நிறம். ரெம்ப்ராண்ட் 1642இல் முடித்த பெரிய படத்துக்கு 'இரவுக் காவல்' என்ற பெயரே இந்த வார்னிஷ் கொடுத்ததுதான். 1940களில் அதைத் துடைத்து எடுத்தபோது, நகரக் காவற்படையினர் பகல் வெளிச்சத்தில் புறப்பட்டுக்கொண்டிருப்பதைக் கண்டார்கள்.

விரிசலும் அப்படியே. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் பல ஆண்டுகளாக மெல்ல இறுகிக்கொண்டே போகும். கீழே இருக்கும் துணி ஈரத்துக்கும் வறட்சிக்கும் விரிந்து சுருங்கும். இந்த இழுபறியில் வண்ணம் அடித்தளம் வரை பிளக்கும். அதனால் உண்மையான விரிசல் படம் முழுவதும் ஒரே சீராக இருக்காது. ஈய வெள்ளை தடித்துப் பூசிய நெற்றியில் ஒரு விதமாகவும், மெலிதாகப் பூசிய நிழலில் வேறு விதமாகவும், சட்டத்தின் ஓரத்தை ஒட்டி நீளவாக்கிலும் ஓடும். உங்கள் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம், தலைப்பாகை, இருட்டு எல்லாவற்றிலும் விரிசல் ஒரே அளவு வலையாக, வண்ணத்தின் எல்லைகளை மதிக்காமல் ஓடுகிறது. இது விரிசல் விடுவதற்கென்றே விற்கும் வார்னிஷைப் பூசி, காய்ந்ததும் பழுப்பு நிறத்தைத் தேய்த்துத் துடைத்தது. ஆகவே பழைய படம் இல்லை. அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். இந்த வித்தையில் பெரிய கை ஹான் வான் மீகெரென். அவர் வெர்மீர் வரைந்ததாகச் சொல்லி ஒரு போலிப் படத்தை 1937இல் ராட்டர்டாம் அருங்காட்சியகத்திலேயே வாங்கவைத்தார். வண்ணத்தில் செயற்கைப் பிசின் கலந்து, அடுப்பில் சுட்டு, உருளையில் சுற்றி விரிசல் விழவைத்து, அதற்குள் மை தேய்த்தார். அவரோடு ஒப்பிட்டால் உங்கள் மைத்துனருக்கு விற்ற கடைக்காரர் சாது.

சரி, முகத்துக்கு வருவோம். வெர்மீரின் பெண்ணுக்கு மூக்கின் தண்டு எங்கே முடிகிறது, அப்பால் இருக்கும் கன்னம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் கோடு கிடையாது. இரண்டும் ஒரே ஒளியில் கலந்துவிடுகின்றன, நம் கண்தான் மூக்கைக் கட்டி முடிக்கிறது. அந்த முத்தும் அப்படித்தான்: மேலே ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே சட்டைக் கழுத்தின் வெண்மையை வாங்கும் மங்கலான ஒரு வளைவு, அவ்வளவே. காதில் மாட்டும் கொக்கி இல்லை, முத்துக்கு முழு வட்டமும் இல்லை. உங்கள் படத்தை வரைந்தவர் மூக்குக்குப் பழுப்பில் கோடு இழுத்துவிட்டார், முத்துக்குத் தங்கக் கொக்கியும் போட்டுவிட்டார். கண்ணுக்கு விட வேண்டிய வேலையை அவரே செய்து முடித்திருக்கிறார். ஆனால் வாயின் இடது ஓரத்தைக் கவனியுங்கள். உதடு நிழலுக்குள் நுழையும் இடத்தில் ஈரம் காயுமுன்பே உலர்ந்த தூரிகையால் ஒருமுறை இழுத்து, சிவப்பைக் கன்னத்துக்குள் கரைத்திருக்கிறார். படத்தைத் துணியில் அச்செடுத்து, தூரிகைத் தடம்போலத் தெரிய மேலே பசை தடவியவரால் இதைச் செய்ய முடியாது. பழகிய கை இது. உங்கள் மனைவிக்கு அந்த முகம் பிடித்திருப்பதற்குக் காரணம் அந்த ஓரம்தான் என்று நினைக்கிறேன்.

பெர்லினில் 'பொன் தலைக்கவசம் அணிந்த மனிதர்' என்றொரு படம் இருக்கிறது. பல தலைமுறைகள் அதை ரெம்ப்ராண்டின் உச்சம் என்று கொண்டாடின. 1980களின் நடுவில் ஆய்வுகள், அதை வரைந்தவர் ரெம்ப்ராண்ட் அல்லர், அவர் வட்டத்தைச் சேர்ந்த யாரோ ஒருவர் என்று சொல்லின. கவசத்தின் மேல் அள்ளி அப்பிய அந்த மஞ்சள் வண்ணம் நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கிறது. முன்னால் நின்ற கூட்டம்தான் குறைந்தது. உங்கள் நண்பரை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து, கலையா இல்லையா என்ற பேச்சை எடுக்காமல், அந்த வாயோரத்தை மட்டும் காட்டிப் பாருங்கள்.

படத்தைக் கழற்ற வேண்டாம்; ஆனால் இடம் மாற்றுங்கள். புகைப்படத்தில் மாலை வெயில் சட்டகத்தின் மேல் நேராக விழுகிறது, பக்கத்துச் சுவரில் ஈரக் கசிவும் தெரிகிறது, இரண்டும் ஆகாது. ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மென்மையான உலர்ந்த தூரிகை போதும். இறக்கும்போது பின்பக்கத்தையும் பாருங்கள்: துணி வெளுத்திருக்கிறதா, கட்டையில் ஆணி அடித்திருக்கிறதா அல்லது ஸ்டேபிள் பின் போட்டிருக்கிறதா, மூலையில் பென்சிலால் எண்ணோ பெயரோ எழுதியிருக்கிறதா? சீனாவில் ஷென்ஜென் நகரத்தின் தாஃபென் பகுதியில் இத்தகைய படங்களைக் கையால் வரையும் ஓவியர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். உங்களுடையது அங்கிருந்தும் வந்திருக்கலாம், நம் ஊர்ப் பட்டறையிலிருந்தும் வந்திருக்கலாம். பெயர் ஏதாவது இருந்தால் அந்த மூலையை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்