இரண்டு வருட ஜூனியர் காலேஜ்தானே, பட்டமளிப்பு விழாவுக்குப் போகத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: மனைவி அமெரிக்காவில் இரண்டு வருட ஜூனியர் காலேஜில் அசோசியேட் டிகிரி முடிக்கிறார். மே மாதம் விழா. "ஊரிலேயே எம்.எஸ்சி. முடித்தவள் நான், இதற்குப் போய் அங்கி மாட்டிக்கொண்டு நிற்பதா" என்று தயங்குகிறார். அங்கே என்னதான் நடக்கும், போவது அவசியமா?

அவசியம் இல்லை. மேடை ஏறாவிட்டாலும் பட்டம் கிடைத்துவிடும். ஆனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன். சிகாகோ பக்கத்தில் இப்படி ஒரு கல்லூரியில் நர்சிங் படித்தவள் நான். கோவையில் பி.காம். முடித்தபோதும் பட்டமளிப்பு விழாவில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டில் எனக்கு ஒட்டிக்கொண்டது இங்கே நடந்ததுதான்.

இந்தக் கல்லூரிகள் எப்படித் தொடங்கின என்று தெரிந்தால் விழாவின் குணமும் புரியும். 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஊரை விட்டுப் போக முடியாத பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடப் பாடத்தை உள்ளூரிலேயே படிக்கலாம். சேர்ந்தவர்கள் 6 பேர். அரசுப் பணத்தில் நடக்கும் ஜூனியர் காலேஜ்களில் இதுவே முதலாவது. ஜோலியட் ஜூனியர் காலேஜ் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. மற்றவை பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ் என்று பெயர் மாறிவிட்டன. ஆனால் ஆட்கள் மாறவில்லை. வேலை, குழந்தை, வயதான பெற்றோர், கையில் பணமில்லை என்று ஏதோ ஒன்றால் ஊரோடு கட்டப்பட்டவர்கள்தான் இங்கே வருகிறார்கள்.

அதனால்தான் ஊர்வலம் உள்ளே வரும்போது அரங்கம் அப்படி அதிர்கிறது. எனக்கு முன்னால் நின்ற பையன் இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரி கிரெடிட்டும் சேர்த்து, பள்ளிச் சான்றிதழுக்கு முன்பே அசோசியேட் பட்டம் வாங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். எனக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்குப் பேரன் இருந்தான். ராணுவத்தில் இருந்து திரும்பியவர்கள், இரவு முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டுக் காலையில் கணக்குப் பாடத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசை. எங்கள் விழாவில் தலைவர் பேச்சை நிறுத்திவிட்டு, "குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி முடிப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார். பாதி அரங்கம் எழுந்தது போல இருந்தது. அப்புறம் அவர்களை வளர்த்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். மேலே பால்கனியில் நாற்காலிகள் படபடவென்று மடங்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சடங்குகள் எல்லாம் பெரிய பல்கலைக்கழகங்களில் உள்ளவைதான். அங்கியும் தொப்பியும் எப்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்லூரிகள் 1895-லேயே கூடிப் பேசி ஒரு விதி வகுத்தன. உள்ளே நடக்கும்போது வாசிப்பது ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் 1901-இல் எழுதிய அணிவகுப்பு இசை. 1905-இல் யேல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தபோது வாசித்தார்கள், அதிலிருந்து அமெரிக்கா முழுக்கப் பரவிவிட்டது. தொப்பியின் குஞ்சம் முதலில் வலப்பக்கம் தொங்கும்; பட்டம் வழங்கியதாக அறிவித்ததும் எல்லாரும் சேர்ந்து இடப்பக்கம் தள்ளிக்கொள்வார்கள். சிலர் தோளில் தங்க நிறப் பட்டை தெரியும், அது பை தீட்டா காப்பா என்ற கௌரவச் சங்கத்துடையது. 1918-இல் தொடங்கிய சங்கம், இரண்டு வருடக் கல்லூரி மாணவர்களுக்கென்றே. உங்கள் மனைவிக்கு மதிப்பெண் நன்றாக இருந்தால் அழைப்பு வந்திருக்கும். மின்னஞ்சலில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொப்பியை அலங்கரிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். விழாவுக்கு முந்தைய வாரம் எங்கள் கேன்டீனில் நீள மேஜை போட்டு, சூடான பசைத் துப்பாக்கி, ஜிகினா, துணிப் பூ எல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். சிலர் தங்கள் நாட்டுக் கொடியை ஒட்டினார்கள். ஒருவர் தன் மூன்று குழந்தைகளின் கையெழுத்தையும் வாங்கி ஒட்டினார். கடைக்குட்டிக்கு எழுதத் தெரியாததால் பென்சில் கிறுக்கல். நான் காஞ்சிபுரம் பட்டு ஜாக்கெட்டின் மிச்சத் துணியில் கரையை வெட்டி நான்கு ஓரத்திலும் ஒட்டினேன். மேலே பால்கனியில் இருந்து என் மகள் அதை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தாள்.

நர்சிங் என்றால் இதற்கு முன் இன்னொரு விழா உண்டு, பின்னிங். என்னைக் கேட்டால் பெரிய விழாவைவிட இதுவே மேல். கல்லூரியின் சின்ன உலோகச் சின்னத்தை, நாம் தேர்ந்தெடுத்த ஒருவர் நம் சட்டையில் குத்திவிட வேண்டும். என்னோடு படித்த மெக்சிகோ குடும்பத்துப் பெண்ணுக்கு அவர் அம்மா வந்தார். கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்து, பெயர் அட்டை தொங்கும் வேலைச் சட்டையோடு நேராக மேடைக்கு. ஊசியின் கொக்கி மாட்டவே இல்லை. கழற்றி மறுபடி குத்தினார், துணி சுருங்கியது, கையால் நீவிவிட்டு மறுபடி. பேராசிரியர் ஒருவர்கூட உதவிக்குக் கை நீட்டவில்லை. அது அந்த அம்மாவின் வேலை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாட்டியதும் மகளின் கன்னத்தைப் பிடித்து ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். அதன்பின் எல்லாரும் விளக்கு ஏந்தி நைட்டிங்கேல் உறுதிமொழி சொன்னோம். (அது நைட்டிங்கேல் எழுதியதல்ல, 1893-இல் டெட்ராய்ட் நர்சிங் பள்ளி ஒன்றில் எழுதப்பட்டது.)

"வெறும் அசோசியேட்" என்று யாராவது இழுத்தால் ஒன்று சொல்லுங்கள். இங்கே இரண்டு வருட நர்சிங் முடித்தவரும் நான்கு வருடம் முடித்தவரும் உரிமத்துக்கு எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வு. நம் ஆட்களிடம் இந்த இழுப்பு அதிகம். உங்கள் மனைவியின் தயக்கத்திலும் அது கொஞ்சம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. எம்.எஸ்சி.யை அவர் தோளில் வேறு சுமை இல்லாத வயதில் முடித்திருப்பார். இதை வேறு நாட்டில், வீட்டையும் பார்த்துக்கொண்டு முடித்திருக்கிறார். இதற்குக் கைதட்டு வாங்க அவருக்கு முழு உரிமை உண்டு.

பெயர் வாசிப்பவரிடம் கொடுக்க ஒரு அட்டை தருவார்கள். அதில் பெயரை உச்சரிப்பு வாரியாக எழுதச் சொல்லுங்கள், மேடை ஏறுமுன் அவரிடம் ஒருமுறை சொல்லியும் காட்டட்டும். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். எங்கள் விழா மாலை 7 மணிக்கு. ஊரில் அப்போது மறுநாள் காலை 5.30. அப்பா குளித்துத் திருநீறு பூசி, போனில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரோடு தன் பெயரையும் அந்த மைக்கில் கேட்டார். அதைப் பற்றி அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. தெருவில் எல்லாரிடமும் பேசியிருக்கிறார் என்று அம்மா சொன்னார்.

சரி, நடைமுறை விஷயங்கள். பட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தனிக் கெடு உண்டு, அது பெரும்பாலும் விழாவுக்குப் பல வாரங்கள் முன்பே முடிந்துவிடும். தவறினால் நிகழ்ச்சி நிரல் புத்தகத்தில் பெயர் வராமல் போகலாம். அதனால் இந்த வாரமே ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கேளுங்கள். அங்கி வாங்கக் காசு அதிகம் என்றால் இரவல் தருகிறார்களா என்றும் அங்கேயே விசாரிக்கலாம். பொட்டலத்தில் இருந்து எடுக்கும்போது மடிப்பு மடிப்பாக இருக்கும். குளியலறையில் வெந்நீர் திறந்துவிட்டு ஆவியில் தொங்கவிட்டாலே போதும், சூடான இஸ்திரி வைத்தால் பாலியஸ்டர் உருகிவிடும். மேடையில் கையில் கொடுப்பது பெரும்பாலும் வெறும் உறைதான், மதிப்பெண் எல்லாம் சரிபார்த்த பிறகு பட்டம் தபாலில் வரும். இதை ஊரில் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போட்டோவைப் பார்த்துப் பதறுவார்கள். முடிந்ததும் வாசலில் நெரிசலாக இருக்கும், எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பூங்கொத்தும் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.