மாலத்தீவு: எந்த மாதம், எந்தக் கடல்?

கேள்வி: ஜூலையில் தேனிலவு. அறை பாதி விலைக்குக் கிடைக்கிறது. மழையில் மாட்டிக்கொள்வோமா?

பதில்: நம்ம ஊர் ஐப்பசி அடைமழையை மனதில் வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள். மே முதல் நவம்பர் வரை அங்கே ஹுல்ஹங்கு, அதாவது தென்மேற்குப் பருவம். பெரும்பாலும் கொட்டித் தீர்த்ததும் வெயில் வந்துவிடும். எப்போதாவது மூன்று நாள் மூட்டமாகவே கிடக்கும். மழையைவிடக் காற்றுதான் தொல்லை. பவளத்திட்டைத் தாண்டி வெளிக்கடலுக்கு வந்ததும் ஸ்பீட்போட் குதிக்கிற குதியில் இடுப்பு கழன்றுவிடும். பின்பக்க இருக்கையில் உட்காருங்கள். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலேயில் சாயங்காலம் இறங்கினால் அன்றிரவு அங்கேதான்.

கேள்வி: புயல் அடிக்குமா?

பதில்: அரிது. நிலநடுக்கோட்டருகே புயலைச் சுழலவைக்கும் புவிச்சுழற்சி விசை மிகக் குறைவு. தென்கோடியில் உள்ள ‘அட்டு’ தீவுக்கூட்டம் நிலநடுக்கோட்டுக்கும் தெற்கே இருக்கிறது. அரபிக்கடல் புயலின் வால் எப்போதாவது வடக்குத் தீவுகளில் படும்.

கேள்வி: காற்றே இல்லாத நாளில் கடல் ஊருக்குள் வந்ததாமே?

பதில்: அதை அங்கே ‘உதா’ என்பார்கள். கன்னியாகுமரிக்காரருக்குக் ‘கள்ளக்கடல்’ என்றால் புரியும். அலை பிறந்த இடம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே. வந்து சேரச் சில நாளாகும். 2007 மே மாதம் இப்படித்தான் பல தீவுகளில் வீடுகளுக்குள் கடல்நீர் புகுந்தது. தரையே சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரம்தானே!

கேள்வி: நட்சத்திரம் பார்த்துக் கடலுக்குப் போவார்களாமே, ஜோசியமா?

பதில்: ஜோசியம் இல்லை, நாட்காட்டி. பெயர் ‘நகய்’. சூரியன் நிற்கும் நட்சத்திரத்தை வைத்து ஆண்டை 27 பங்காக்குகிறார்கள். ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாள். ஏப்ரல் 8இல் ‘அஸ்ஸிதா’, பிறகு ‘புருனு’, ‘கெத்தி’, ‘ரோனு’. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி! நம்முடைய அக்னி நட்சத்திரமும் இதே கணக்குதான். டிசம்பர் 10இல் ‘மூலா’. அன்று வடகிழக்குப் பருவமான ‘இருவை’ தொடங்குவதாகக் கணக்கு. மழை அந்தத் தேதிக்குக் கட்டுப்படுவதில்லை.

கேள்வி: மாண்டா திருக்கைகளைப் பார்க்க ஜனவரி சரியா?

பதில்: ‘பா’ என்ற பவளத்திட்டில் உள்ள ஹனிஃபாரு குடா என்றால் தவறான மாதம். தென்மேற்குப் பருவத்து நீரோட்டம் மிதவை உயிரிகளை அந்தக் குடாவுக்குள் குவிக்கும்போதுதான் திருக்கைகள் கூட்டமாக வரும். சிலிண்டர் கட்டி முங்க அனுமதியில்லை, முகமூடியும் குழாயும் மட்டும். ஜூலைத் தம்பதி இதைக் கவனிக்கவும்.

கேள்வி: கடல் தெளிவாக, காற்று அடங்கி இருக்க வேண்டும்.

பதில்: பிப்ரவரி, மார்ச். விலையைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.