குழிந்துபோகும் பூ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரெயூனியன் தீவில் இருக்கும் சித்தி வீட்டில் ‘தாப்பி மாந்தியான்’ (அறுகோணத் துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வை) பார்த்ததிலிருந்து, அதுபோல ஒரு ஒட்டுத்துணிப் போர்வையைக் கையாலேயே தைத்துவிட வேண்டும் என்று ஆசை. அம்மாவின் பழைய புடவைகள், காவடிக்குக் கட்டிய மஞ்சள் வேட்டி, பிள்ளைகளின் டி-ஷர்ட்டுகள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். இரட்டைக் கட்டிலுக்கு, 150-க்கு 200 செ.மீ. அளவு. அறுகோணத்தின் பக்கம் 2.5 செ.மீ. நடுவில் ஒரு துண்டு, சுற்றி ஆறு இதழ் என்று ஏழு துண்டு சேர்ந்தது ஒரு பூ; மூன்று மாதத்தில் நான்கு பூதான் முடிந்திருக்கிறது. அதுவும் நடுவில் கிண்ணம் மாதிரி குழிகிறது. “மெஷினில் கொடுத்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும்” என்கிறார் வீட்டுக்காரர். தொடரட்டுமா, விட்டுவிடட்டுமா?

– ஒரு வாசகி, க்யூர்பிப், மொரீஷியஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். போர்வையைச் சின்னதாக்குங்கள், அறுகோணத்தைப் பெரிதாக்குங்கள். கைத்தையலில் சுகம் போய் அலுப்பு வந்து உட்காருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கணக்கைப் பாருங்கள். பக்கம் 2.5 செ.மீ. என்றால் ஒரு அறுகோணத்தின் பரப்பு சுமார் 16 சதுர செ.மீ. உங்கள் கட்டிலுக்கு 1,850 துண்டு வேண்டும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு துண்டுக்குப் பொது என்பதால் துண்டுக்கு மூன்று இணைப்பு; மொத்தம் 5,500. நீட்டிப் பார்த்தால் 135 மீட்டருக்கு மேல் தையல். இதுவரை நீங்கள் முடித்தது 28 துண்டு. அதற்குப் பதில் மடிமேல் போட்டுக்கொள்கிற அளவில், 90-க்கு 120 செ.மீ., அறுகோணத்தின் பக்கம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 165 துண்டு, ஓரத்தில் வெட்டுப்படுவதற்கு இன்னும் பதினைந்து. இணைப்பு 490-ஐ ஒட்டி வரும். பழகிய கைக்கு ஓர் இணைப்பு நாலைந்து நிமிஷம். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஒன்றரை மாதத்தில் மேல்துணி தயார், புதுக்கைக்கு இரண்டு மாதம்.

வீட்டுக்காரர் சொல்வது சதுரத்துக்குச் சரி. நேர்கோட்டுத் தையலை மெஷின் நிமிஷத்தில் முடிக்கும். அறுகோணத்தில் மூன்று துண்டுகள் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. மெஷினில் ஒவ்வொரு மூலைக்கும் முன்னால் நிறுத்தி, ஊசியை இறக்கி, துணியைத் திருப்பி, மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தாண்டினாலும் அந்த மூலை சுருங்கிவிடும். கைக்கு அந்தத் தொல்லையே இல்லை. இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு பொறித்த பட்டு ஒட்டுப் போர்வை ஒன்று பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதுவும் காகிதத்தின்மேல் துணியை மடித்து, மடிப்போடு மடிப்பு சேர்த்துத் தைத்ததுதான். முந்நூறு வருஷமாக முறை மாறவில்லை.

இப்போது உங்கள் பூ. கிண்ணமாகக் குழிந்தால், சுற்றி இருக்கும் ஆறு இதழும் சேர்ந்து நடுத்துண்டுக்குப் போதாமல் இருக்கிறது என்று அர்த்தம். ஓரம் அலையலையாக நெளிந்தால் அதற்கு நேர்மாறு, இதழ்கள் மிஞ்சுகின்றன. போதாமல் போவதற்கு வழக்கமான காரணம், இதழுக்கும் இதழுக்கும் நடுவே உள்ள ஆறு இணைப்பிலும் ஊசி ஆழமாக இறங்கியிருப்பது. மடிப்பின் விளிம்பில் இரண்டு மூன்று இழையை மட்டும்தான் ஊசி எடுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடுதலாகக் கடித்தால் ஒரு இணைப்புக்கு இரண்டு பக்கமுமாக ஒரு மில்லிமீட்டர் போகும், பூவைச் சுற்றி வந்தால் ஆறு மில்லிமீட்டர். இன்னொரு காரணம், துணிக்குள் வைக்கும் காகிதம். ஒரு காகிதத்தை வைத்து வரைந்து வெட்டி, அதை வைத்து அடுத்ததை வரைந்தால், பென்சில் கோட்டின் தடிமன் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும். கெட்டி அட்டையில் ஒரே ஒரு அச்சு வெட்டி, எல்லாவற்றையும் அதிலிருந்தே வரையுங்கள். துணி போடுவதற்கு முன் ஏழு காகிதத்தை மேஜையில் பூவாக அடுக்கிப் பாருங்கள். இடைவெளியும் ஏறுமாறும் இல்லாமல் மூடினால்தான் அந்த அச்சு சரி.

மூன்றாவது காரணம், உங்கள் டி-ஷர்ட். அது பின்னல் துணி, இழுத்த பக்கம் வரும், காகிதத்தை எடுத்ததும் தன் போக்கில் சுருங்கும். புடவைக்குப் பக்கத்தில் அதைத் தைத்தால் இரண்டும் ஒத்துப்போகாது. பிள்ளைகளின் நினைவாகச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், டி-ஷர்ட்டின் பின்பக்கம் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

புடவையில் பருத்தி மட்டும் எடுங்கள். உடல் பாகத்தில் கொசுவமும் உட்காரும் இடமும் நைந்திருக்கும். முந்தானையும் கரையும் பலமாக இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அந்த இடம் வேண்டாம். பழைய பட்டு மடிப்பில் வெடிக்கும், ஜார்ஜெட் வழுக்கும். அறுகோணத்தின் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு பாவு இழையோடு ஒட்டிப் போகும்படி வெட்டினால் துண்டு இழுபடாது.

மஞ்சள் வேட்டி கடையில் வாங்கிய சாயத் துணியா, மஞ்சள்தூளில் நனைத்ததா? தூளில் நனைத்தது என்றால் சோப்பு பட்டதும் செங்கல் நிறமாகும், அலசினால் பழையபடி மஞ்சளாகும், வெயிலில் நாளுக்கு நாள் வெளுக்கும், பக்கத்துத் துணியிலும் ஏறும். அதைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். சாயத் துணி என்றால் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை மேலே வைத்து இஸ்திரி போடுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால், ஏறாமல் நிற்கும்வரை தனியாக அலசுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். கடைத் துணியில் அது பலிப்பதில்லை.

இணைக்கும் விதம்: காகிதம் தபால் அட்டையைவிட மெல்லியதாக, நோட்டுத் தாளைவிடத் தடிமனாக இருக்கட்டும். அச்சடித்த தாள் வேண்டாம், இஸ்திரிச் சூட்டில் மை ஏறும். சுற்றிலும் 8 மி.மீ. விட்டுத் துணியை வெட்டி, காகிதத்தின்மேல் மடித்து நூலோட்டுங்கள். பக்கம் 2.5 செ.மீ. ஆக இருந்தபோது மூலை மடிப்பை மட்டும் பிடித்தால் போதும், 5 செ.மீ. பக்கத்துக்கு நடுவில் ஒரு தையல் காகிதத்துக்குள்ளும் போக வேண்டும். பிறகு இரண்டு துண்டை முகத்துக்கு முகம் வைத்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றி, ஒரு செ.மீ.க்கு ஐந்தாறு தையல். ஊசி 10-ஆம் நம்பர், நூல் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை. அதைவிட நீளமானால் முறுக்கிக்கொள்ளும், உரசி நையும். நூல் நிறம் இரண்டு துணியில் அடர்ந்ததைப் பார்த்து எடுங்கள்.

ஊசி சரியான ஆழத்தில் போகிறதா என்பதைக் கண்ணைவிடக் காது முதலில் சொல்லும். காகிதத்தின் விளிம்பை உரசிக்கொண்டு போகும்போது ‘சர்’ரென்று மெல்லிய ஓசை வரும். காகிதத்தைக் குத்தினால் ஓசை தடித்து ஊசி நின்றுவிடும். இருபது இணைப்புக்குப் பிறகு கை அந்த ஓசைக்குப் பழகிவிடும், அப்புறம் பேசிக்கொண்டே தைக்கலாம். ஆறு பக்கமும் பக்கத்துத் துண்டோடு சேர்ந்த பிறகுதான் காகிதத்தை எடுக்க வேண்டும். அதுவரை அட்டை மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது, எடுத்த கணத்தில் துணியாகித் தொய்ந்து கையில் விழும். எத்தனை முறை செய்தாலும் அந்தக் கணம் அலுப்பதில்லை. காகிதத்தை மூன்று நான்கு தரம் திரும்பப் பயன்படுத்தலாம்.

நடுவில் வைக்கத் தடித்த பஞ்சு ஷீட் வேண்டாம். க்யூர்பிப் ஈரத்தில் காயாமல் பூசணம் பிடிக்கும். ஜூலை, ஆகஸ்ட் ராத்திரிக்கு ஒரு பழைய ஃபிளானல் விரிப்பு போதும். எல்லாக் காகிதமும் எடுத்தாயிற்றா என்று தடவிப் பார்த்துவிட்டு, அடித்துணியைச் சுற்றிலும் 5 செ.மீ. கூடுதலாக வைத்து, தரையில் விரித்து டேப் ஒட்டுங்கள். சுருக்கம் போனால் போதும், விறைப்பாக இழுக்கக் கூடாது. இழுத்துப் பிடித்தது டேப்பை எடுத்ததும் சுருங்கி மேல்துணியைச் சுருக்கும். மேலே ஃபிளானல், அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, 10 செ.மீ.க்கு ஒரு வரிசை, மூன்றையும் சேர்த்துப் பெரிய தையலாக நூலோட்டுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் மிச்சத் துணி எல்லாம் நடுவில் வந்து கூடும்.

அடுத்து மெத்தைத் தையல். 40-ஆம் நம்பர் பருத்தி நூல், குட்டையான ஊசி, நடுவிரலுக்கு விரல்பூண். விரல்பூணை இங்குள்ள கடைகளில் ‘தே’ என்று கேட்டால் தருவார்கள். முடிச்சு வெளியே தெரியக் கூடாது. தையல் தொடங்கும் இடத்துக்கு இரண்டு செ.மீ. தள்ளி மேல்துணியில் ஊசியை இறக்கி, ஃபிளானல் வழியாகக் கொண்டுவந்து, ஆரம்பிக்கும் புள்ளியில் வெளியே எடுங்கள். நூலைச் சுண்டி இழுத்தால் ‘டக்’கென்று முடிச்சு துணிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு அறுகோணத்துக்கும் உள்ளே 6 மி.மீ. தள்ளி ஒரு சுற்று ஓட்டுத் தையல், ஒரு செ.மீ.க்கு இரண்டு மூன்று. குட்டித் தையலாகப் போட மெனக்கெட வேண்டாம், ஒரே சீராக இருந்தால் போதும். சட்டம் போட்டால் துணி முரசு மாதிரி விறைக்காமல், அழுத்தினால் இரண்டு செ.மீ. தாழ வேண்டும். அப்போதுதான் ஊசியை மேலும் கீழும் ஆட்டி மூன்று நான்கு தையலை ஒன்றாக எடுக்க முடியும். ஒரு அறுகோணத்தைச் சுற்றிவரப் பத்து நிமிஷம் ஆகும்.

ஓரத்தின் பல்லை நேராக வெட்டி, 6 செ.மீ. அகலப் பட்டியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். நீளம் 450 செ.மீ. போதும். பட்டியின் முதல் பக்கத்தை வீட்டுக்காரர் விருப்பப்படி மெஷினில் ஓட்டலாம், பின்பக்கத்தை எம்மிங் போடுங்கள்.

துவைத்தால் கொடியில் தொங்கவிடாதீர்கள். ஈரப் பாரம் தையலை இழுக்கும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் படுக்கையாக உலர்த்துங்கள்.

தைத்து முடித்த நான்கு பூவையும் பிரிக்க வேண்டாம். டி-ஷர்ட் கலக்காதவற்றைக் கஞ்சி தெளித்து, பின்பக்கம் இஸ்திரி போட்டு, ஒரு தலையணை உறையின் நடுவில் வைத்துத் தையுங்கள். லேசான குழிவு அங்கே தெரியாது.