9 எம்.எம்.மா, .32-ஆ? கடலூர் அடகுக்கடைக்காரருக்கு

கடைக்கும் ராத்திரிப் பயணத்துக்கும் பாதுகாப்பாக 9 எம்.எம். க்ளாக் பிஸ்டல் வாங்கலாமா, .32 ரிவால்வர் (.32 என்பது அங்குலத்தில் குண்டின் அளவு) வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். .32 ரிவால்வரே வாங்குங்கள். நீங்கள் கேட்ட 9 எம்.எம். க்ளாக், ஆயுதச் சட்டப்படி தடை செய்யப்பட்ட ரகம். அடகுக்கடை, நகை, ராத்திரிப் பயணம் என்று எவ்வளவு சொன்னாலும் கலெக்டர் ஆபீஸில் அதற்கு உரிமம் தர மாட்டார்கள். அமெரிக்க யூடியூப் வீடியோ பார்த்துத்தான் இந்தக் குழப்பம் வந்திருக்கும்.

இடுப்புக்கும் வீட்டுக்கும் ஒரே துப்பாக்கி என்றால் கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வரே போதும். அதில் நிர்பீக் என்ற ரகம் சுமார் அரை கிலோதான், சட்டைக்குள் தெரியாது. ஆனால் எடை குறையக் குறையக் கையை அதிகம் உதைக்கும்.

துப்பாக்கிக் கடைக்காரரைக் கேட்டுவிட்டு ஒன்று செய்து பாருங்கள். குண்டு போடும் உருளையைத் திறந்து, ஆறு அறையும் காலியா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெற்றுச் சுவரை நோக்கிப் பிடித்து, பின்னால் இருக்கும் சுத்தியலைத் தொடாமல் விசையை மட்டும் முழுசாக இழுங்கள். குழல் நுனி ஆடுகிறதா? அப்படியென்றால் வேறொன்றைக் கேளுங்கள்.

அப்புறம் நம்ம ஊர் உப்புக் காற்று. தோல் உறையிலேயே போட்டு வைத்தால் ஈரம் கோத்து, திருகுகளைச் சுற்றித் துரு பிடிக்கும். ராத்திரி வெளியே எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பெட்டியில் பூட்டுங்கள்.

உரிமம் கைக்கு வரும்முன் முன்பணம் கொடுக்காதீர்கள், போலீஸ் விசாரணைக்கே நாளாகும். முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. உரிமத்தில் எந்த எல்லை வரை எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அந்தப் பக்கம் வசூலுக்கு எடுத்துப் போக வேண்டாம்.