முட்டி மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு தொடை மெலிகிறது: புரோட்டீன் பவுடர் போதுமா?

ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரத்தில் அம்மாவின் தொடை மெலிகிறது, புரோட்டீன் பவுடர் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பவுடர் மட்டும் போதாது. 55 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு இப்போது ஒரு நாளைக்கு 65 முதல் 80 கிராம் புரதம் வேண்டும், தொடைக்கு வேலையும் வேண்டும்.

நீங்கள் எழுதிய இட்லி, ரசம் சாதம், இரவுக் கஞ்சியில் 30 கிராம் தேறினாலே அதிகம். இன்னொன்று: முட்டியில் வீக்கம் இருக்கும்வரை மூளையின் கட்டளை தொடை முன்தசைக்கு முழுசாகப் போகாது. ஐந்து வாரத்தில் மெலிய இது போதும்.

வேளைக்கு 20–25 கிராமாகப் பிரியுங்கள். காலையில்தான் புரதக் குறை பெரிது. பவுடரை அப்போது பாலில் கொடுங்கள். மதியம் 50 கிராம் உலர்ந்த மீல்மேக்கர் (சுமார் 25 கிராம் புரதம்), மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் மளிகைக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். இரவில் 100 கிராம் பனீர் (சுமார் 18), ஒரு கிண்ணம் தயிர்.

முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை 5 வினாடி அழுத்தச் சொல்லுங்கள். 10 தடவை, தினம் மூன்று வேளை. பிசியோவிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

முன்னேற்றம் பார்க்கத் தொடையை அளக்கும் டேப்பை நம்பாதீர்கள், வீக்கம் ஏமாற்றிவிடும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை முறை எழுகிறார் என்று வாரம் ஒருமுறை எண்ணுங்கள். பக்கத்தில் ஆள் நிற்கட்டும்.

சர்க்கரை இருக்கிறது என்கிறீர்கள். கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகே புரதத்தைக் கூட்டுங்கள். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ரத்தக்கட்டாக இருக்கலாம்.