அடுத்தவர் எழுதியதில் பிழை இருந்தால் சொல்லலாமா? சொன்னால் எப்படிச் சொல்வது நாகரிகம்?

மெய்ப்புப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. மதுரையில் சின்ன அச்சகம் ஒன்றில் பதினோரு வருடமாகச் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

நண்பன் ஒருவனின் அப்பா தவறிப்போனார். முன்கம்பியில் உட்காரவைத்து சைக்கிளில் பள்ளிக்கூடம் கூட்டிப்போன அப்பா, இப்போது சுவற்றில் படமாகிவிட்டார் என்று வாட்ஸப்பில் நாலு வரி எழுதியிருந்தான். கீழே சொந்தக்காரர்கள் வரிசையாக ‘ஆழ்ந்த இரங்கள்’ போட்டிருந்தார்கள். நான் மட்டும், “சுவற்றில் அல்ல, சுவரில். இரங்கள் அல்ல, இரங்கல்” என்று போட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். பந்தியில் என் இலைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, “படத்தை சுவர்ல மாட்டியாச்சுடா. சரியா இருக்கான்னு பாரு” என்றான். சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் அழுது எழுதியதிலும் வாழ்த்தி எழுதியதிலும் நான் கை வைப்பதில்லை. மருந்தின் அளவு, பரீட்சைத் தேதி மாதிரி யாரையாவது பாதிக்கும் தப்பு என்றால் நாலு பேர் முன்னாலேயே உடனே சொல்வேன். எழுத்துப்பிழையைத் தனியாகச் சொன்னால் போதும்.

சரி, எழுத்து பற்றியே அபிப்பிராயம் கேட்கிறார்கள் என்றால்? நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் பத்துக் குற்றம் அடுக்கியிருப்பார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று போகும். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எரிச்சலாக இருந்தது. இப்போது பார்த்தால், பத்தும் நூலின் மேல் வைக்கும் குற்றங்கள். எழுதியவன் மடையன், அவனுக்கு என்ன தெரியும் என்கிற வகை அதில் ஒன்றுகூடக் கிடையாது. 13ஆம் நூற்றாண்டு மனிதருக்குத் தெரிந்தது நமக்கு மறந்துபோயிற்று. ஒரு கதையை ‘மொக்கை’ என்று தள்ளிவிட்டால் எழுதியவருக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். “கல்யாண வீடு வரைக்கும் ஓட்டமாக வந்தது, அதற்கப்புறம் தேய்ந்துவிட்டது” என்றால் திருத்த அவருக்கு ஓர் இடம் கிடைக்கிறது. அப்படிச் சொல்ல நாமும் கடைசி வரை படித்திருக்க வேண்டும். பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள்.

‘வாழ்த்துக்கள்’, ‘வாழ்த்துகள்’ சண்டைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். புலவர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். இரண்டில் எது வந்தாலும் நான் தொடுவதில்லை.

நாம் பார்த்தது பிழைதானா என்பது வேறு இருக்கிறது. விளாத்திகுளம் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் புத்தகம் எங்களிடம் அச்சுக்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ‘வெள்ளன’ என்று இருந்தது. எல்லாவற்றையும் அடித்து ‘விடியற்காலையில்’ என்று போட்டு, கெட்டிக்காரத்தனமாக ஓரத்தில் ‘வட்டார வழக்கு’ என்றும் எழுதி அனுப்பினேன்.

அவரே பஸ் ஏறி வந்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, எங்க ஊர்ல யாரும் விடியற்காலையில எந்திரிக்க மாட்டாங்க. வெள்ளனத்தான் எந்திரிப்பாங்க.”

திருத்தியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள, அடித்த சொல்லுக்கு அடியில் புள்ளி வைப்போம். அன்று சாயங்காலம் வரைக்கும் புள்ளிதான் வைத்துக்கொண்டிருந்தேன்.